நூலகருக்கு இரண்டு பட்டங்கள் எதற்கு?

நூல்களை அடுக்கி வைப்பதும் கேட்டவர்க்கு எடுத்துக் கொடுப்பதுமே நூலகரின் பணி என்று எண்ணுவோர் பலர். அதற்குப் பட்டம் எதற்கு, அதுவும் இரண்டு பட்டங்கள் எதற்கு என்று அவர்கள் வினவுவர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் நூலகக் கல்வி வளர்ந்த வரலாறு இவ்வினாவுக்குத் தக்க விடை தருகின்றது.

1887ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், மெல்வில் டூயி என்பார் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாக் கல்லூரியில் நூலகப் பள்ளியொன்றைத் தொடங்கினார். முதல் வகுப்பில் அமர்ந்த 20 மாணவருள் 17 பேர் பெண்கள். ஆடவர்க்கே உரியதாயிருந்த அக்கல்லூரியின் ஆட்சியாளர் இதனை விரும்பவில்லை. 1889இல் பள்ளி ஆல்பனி நகருக்குப் பெயர்ந்தது. நூற்பட்டியல் ஆக்குதல், வகைப்படுத்தல் முதலிய செய்முறைகளே அங்கு முதன்மை பெற்றன.

1923இல் சார்ள்ஸ் வில்லியம்சன் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை மாற்ற முனைந்தது. எழுதுவினைஞர் செய்யத்தக்க வேலை வேறு, நூலகருக்குரிய வேலை வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். நூலகராக விரும்புபவர் முதலில் பொதுக் கல்வியில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என்றும், நூலகப் பள்ளிகள் பல்கலைக்கழகங்களைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். 1951இல் அமெரிக்க நூலகச் சங்கம் வகுத்த நியமங்களின் பயனாக, முதுமாணிப் பட்டமே தொழிலுக்குரிய தகுதியாக நிலைபெற்றது.

இவ்வேற்பாடு சிறந்ததே, ஆயினும் செலவு மிகுந்தது. இளமாணிப் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகள். அதன் பின் முதுமாணிக்கு ஓராண்டோ ஈராண்டோ வேண்டும். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை இத்துணைக் காலம் பொருளீட்டாது காத்திருத்தல் எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டைக் குறைக்கவே அங்குள்ள பல்கலைக்கழகங்கள் சில இரு படிப்புகளையும் இணைத்துள்ளன. மாணவர் வரலாறோ, வேதியியலோ, தாம் விரும்பிய துறையில் இளமாணிப் படிப்பைத் தொடங்குவர். நல்ல புள்ளிகள் பெற்றவராயின், இறுதியாண்டிலேயே முதுமாணிக்குரிய பாடங்கள் சிலவற்றைக் கற்க அனுமதி பெறுவர். அப்பாடங்கள் இரு பட்டங்களுக்கும் சேர்த்துக் கணிக்கப்படும். இளமாணிக்குப் பொதுவாக 120 அலகுகள் தேவை. முதுமாணிக்கு 36 அல்லது அதற்குச் சற்று மேல். மூன்று அலகுகள் கொண்ட பாடங்கள் மூன்று இருபுறமும் கணிக்கப்படின், 9 அலகுகளுக்குரிய காலமும் கட்டணமும் மிஞ்சும். இவ்வாறு இரண்டு பட்டங்களும் ஐந்து ஆண்டுகளில் கைகூடலாம்.

காலம் மிஞ்சுவது நன்றே. எனினும், குறைக்கப்படுவது எது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இங்கே தமிழ்நாட்டுச் சீர்காழியிற் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் வாழ்க்கை நினைவுக்கு வருகின்றது. கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, அதனைக் கற்பித்து வந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதன் பின்னரே இலண்டன் சென்று நூலகக் கல்வி பயின்றார். அங்கு ஒரு கடையில், சில துண்டுகளைக் கொண்டே பலவகை உருவங்களை அமைக்கும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அறிவுத் துறைகளையும் இவ்வாறே கூறுகளாகப் பிரித்து இணைக்கலாமே என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அவ்வெண்ணத்தின் விளைவே. பலரும் பார்த்துச் சென்ற விளையாட்டுப் பொருளில் ஒரு முறைமையைக் கண்டது கணிதத்திற் பழகிய அவரது கண்.

பயிரில் விழுந்த நோய்க்கு மருந்து தேடி உழவர் வருவார். பழைய சட்டமொன்றின் வரலாற்றை நாடி மாணவர் வருவார். நூல் எந்த அடுக்கில் உள்ளது என்பதை அறிந்தாற் போதாது. வந்தவரின் வினாவையே நூலகர் முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். அவ்விளக்கத்தைத் தருவது முதற் பட்டத்தின் பரந்த கல்வி.

ஆகவே, இணைந்த படிப்பை நாடும் மாணவர் தாம் தெரிந்த துறையை ஆழக் கற்றல் வேண்டும். படிக்கும் காலத்திலேயே நூலகமொன்றில் பணியாற்றிப் பழகுதலும் வேண்டும். முதுமாணிப் பட்டம் நூலகச் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளல் நன்று. ஆண்டொன்று குறையலாம், அறிவு குறைதல் ஆகாது. அக்குறையால் வெறுங்கையோடு திரும்புபவர், நூலகத்தை நாடி வந்த வாசகரே.