‘ஓம்’ சொல்ல ஏன் தயங்கினோம்?

2025 மே மாதம் கொழும்பில் ஒரு தியேட்டரில் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறி, இராமேஸ்வரம் கரையில் இறங்கும் ஒரு குடும்பத்தின் கதை அது. சென்னையில் வாடகை வீடு கிடைத்ததும் அவர்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி, அயலவர்களோடு கதைக்க வேண்டாம் என்பதுதான். வாயைத் திறந்தால் எங்கிருந்து வந்தவர்கள் என்று தெரிந்துவிடும். தியேட்டர் சிரித்தது. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ பிசைந்தது.

அதே புத்திமதியை நான் 2008இல் கேட்டிருக்கிறேன். உயர்தரப் பரீட்சை முடித்து, தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு முதல் தடவை வெளிக்கிட்ட நாள். பஸ் தரிப்பிடத்தில் அம்மா சொன்னா: “பஸ்ஸுக்குள்ள கதைக்காத பிள்ள. போன் வந்தாலும் எடுக்காத. என்ன கேட்டாலும் அடையாள அட்டையக் காட்டு, காணும்.” அப்போது மதவாச்சியில் எல்லோரும் இறங்கவேண்டும். பைகளைக் கொட்டிக் காட்டி, நடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறு பஸ்ஸில் ஏறவேண்டும். அதற்கு முந்தைய வருடம், 2007 ஜூனில், கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நின்றது. அந்தச் செய்தி அம்மாவின் மனதில் இருந்திருக்கும்.

கொழும்பில் பதினேழு வருடம் இருந்துவிட்டேன். ஊடகக் கற்கை படித்தேன், எழுதிப் பிழைக்கிறேன். இவ்வளவு காலமும் என் வாயிலிருந்து ஒரு சொல் மெல்ல மெல்ல நழுவிப்போனதை அந்தத் தியேட்டரில்தான் கவனித்தேன். அந்தச் சொல் ‘ஓம்’. அதன் இடத்தில் எப்போது ‘ஆமா’ வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியாது.

“படம் பார்த்துப் பார்த்து எங்கட பிள்ளைகள் இந்தியத் தமிழ் கதைக்குதுகள்” என்று ஊரில் பெரியவர்கள் குறைப்படுவது வழக்கம். பழி முழுவதும் சினிமாவின் தலையில் விழும். அது அரைவாசி உண்மை. மற்ற அரைவாசியை விளங்கிக்கொள்ள, எங்கள் தீவு எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

கொழும்பு தூரம், தனுஷ்கோடி கிட்ட

தலைமன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். தனுஷ்கோடியோ கடலால் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914இல் தொடங்கிய ‘போட் மெயில்’ காலத்தில் கொழும்பில் ரயிலேறி, தலைமன்னார்த் துறையில் கப்பலுக்கு மாறி, தனுஷ்கோடியில் மறுபடி ரயிலேறிச் சென்னைக்குப் போகலாம். அக்கரைக்குப் போய்ப் படம் பார்த்து வந்த கதைகளைத் தாத்தா சந்தைக்குப் போய்வந்தது போலச் சொல்வார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் போர் தொடங்கிய காலத்தில் நின்றுபோனது. ஆட்கள் போய்வருவது நின்றது. அலைகள் நிற்கவில்லை.

தொலைக்காட்சி அலைகளும் பண்பலை அலைகளும் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும். அதனால் கோபுரம் உயர உயர எட்டும் தூரமும் கூடும். இராமேஸ்வரத்துத் தூரதர்ஷன் கோபுரம் 300 மீற்றருக்கு மேல் உயரமானது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் தொடுவானமே 60 கிலோமீற்றருக்கு அப்பால்தான். இடையில் மலை இல்லை, கட்டடம் இல்லை, கடல் மட்டும்தான். கோடைப் பண்பலையின் ஒலிபரப்பி இருக்கும் கொடைக்கானலோ 2,000 மீற்றருக்கு மேலான மலை. எங்களுக்குக் கொழும்பு நிலையங்கள் இரைந்துகொண்டு வரும். அக்கரை நிலையங்கள் பக்கத்து வீட்டில் கதைப்பது போலக் கேட்கும்.

எங்கள் வளவில் நின்ற அன்ரனாவை அப்பா மேற்குப் பக்கம் திருப்பித்தான் கட்டியிருந்தார். கரண்ட் இல்லாத நாட்களில் கார் பற்றரியில் ரீவி ஓடும். பெருநாள், கலியாண வீடு என்றால் டெக் வாடகைக்கு வரும், லைட் இஞ்சின் இரையும், விடியும்வரை மூன்று படம். மழைக்காலத்தில் சென்னையில் புயல் எச்சரிக்கை என்று கேட்டு எங்கள் ஊரில் வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். வானம் ஒன்றுதானே.

ஒரு காலத்தில் அலை மறுபக்கமும் போனது

இதில் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாத ஒரு பாதி உண்டு. 1960களிலும் 70களிலும் அலை இங்கிருந்து அங்கே போனது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேநீர்க் கடையிலும் சலூனிலும் இலங்கை வானொலிதான் ஒலித்தது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்களை அங்குள்ள மூத்தவர்கள் இன்றைக்கும் பாசத்தோடு சொல்வார்கள். அவர்களுடைய சினிமாப் பாட்டை அவர்களே எங்கள் அறிவிப்பாளர்களின் குரலில் கேட்டு ரசித்தார்கள்.

சினிமாவிலும் சிறிய முளை ஒன்று விட்டிருந்தது. 1970களில் இந்தியப் பட இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது இங்கேயே தமிழ்ப் படங்கள் வந்தன. 1972இல் ‘குத்துவிளக்கு’. 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’, கடற்றொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். பிறகு 1983 ஜூலை. ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே இருந்த படச்சுருள்களும் எரிந்தன. அதன் பிறகு போர். வானொலிக் குரல்கள் பல திசைகளில் சிதறின.

ஆக, எங்கள் பிள்ளைகள் தங்கள் பேச்சைக் கைவிட்டுவிட்டு மற்றப் பேச்சைத் தேடிப் போகவில்லை. இருவழிப் பாதையில் ஒரு வழி மூடப்பட்டது. மற்ற வழியால் வந்ததைத்தான் நாங்கள் கேட்டு வளர்ந்தோம்.

எங்கள் ஊரிலேயே முளைத்ததும் இருந்தது. மன்னாரில் கத்தோலிக்கக் கூத்துக்குப் பெரிய மரபு உண்டு. ‘எண்டிறீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசர்’, ‘ஞானசௌந்தரி’ நாடகங்களைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். இடம்பெயரும்போது சட்டி பானையையே விட்டுவிட்டு ஓடுகிறோம். கூத்துக் கொட்டகையை எப்படிக் கொண்டுபோவது? அண்ணாவியாரும் மத்தளக்காரரும் நடிப்பவர்களும் பார்ப்பவர்களும் ஒரே ஊரில் இருந்தால்தான் கூத்து. படம் பார்க்க ஒரு ரீவியும் பற்றரியும் போதும்.

திரையில் நாங்கள்

அந்த ரீவியில் நாங்கள் எங்களைப் பார்க்கத் தொடங்கியது 2000க்குப் பிறகு. அந்த வருடம் ‘தெனாலி’ வந்தது. கமல்ஹாசன் ஈழத்தமிழில் கதைக்கிறார் என்று ஊரே பரபரத்தது. அந்தப் பேச்சை அவருக்குப் பழக்கியவர் அப்துல் ஹமீத். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். தெனாலி எதற்கும் பயப்படும் மனிதன். அந்தப் பயம் போரில் கண்டதால் வந்தது என்று படம் சொல்லத்தான் செய்தது. ஆனால் எங்கள் பேச்சு தமிழ்நாட்டில் பதிந்தது பகிடியாகத்தான். அடுத்து ‘நந்தா’ (2001), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), ‘இராமேஸ்வரம்’ (2007). பகிடி போய்க் கண்ணீர் வந்தது. ஒரு முழுத் தலைமுறைக்கும் இரண்டே வேடம்: சிரிக்கவைக்கும் அகதி, அழவைக்கும் அகதி.

பேச்சும் ஒன்றேதான். யாழ்ப்பாணப் பேச்சைத் தூரத்திலிருந்து கேட்டுச் செய்தது போன்ற ஒன்று. மட்டக்களப்பார் கதைப்பது வேறு, மலையகத்தவர் கதைப்பது வேறு, எருக்கலம்பிட்டியார் கதைப்பது வேறு. மன்னார்த் தீவுக்குள்ளேயே பேசாலைக்கும் தாராபுரத்துக்கும் இழுவை மாறும். திரைக்கு இவையெல்லாம் ஒரே ‘சிலோன் தமிழ்’.

2015இல் பிரெஞ்சுப் படமான ‘தீபன்’ கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு வாங்கியபோது அதைத் தேடிப் பார்த்தேன். அதில் நடித்த ஷோபாசக்தி அல்லைப்பிட்டியைச் சேர்ந்தவர். தன் வாயில் வருவதையே கதைத்திருந்தார். எங்கள் ஆள் எங்கள் மொழியை எங்கள் மாதிரியே கதைப்பதைக் கேட்க பாரிஸ் வழியாகப் போகவேண்டி இருந்தது.

வாய் தானாக மாறுவதில்லை

இனி அந்த மற்ற அரைவாசி. சினிமாவைக் கேட்டால் புதிய சொற்கள் வரும். ஆனால் பழைய சொல் போவதற்கு வெட்கமோ பயமோ வேண்டும்.

எனக்குப் பயம் மதவாச்சியில் தொடங்கியது. வெட்கம் வேலைத்தலத்தில் வந்தது. படிப்பு முடிந்த கையோடு ஒரு வானொலி நிலையத்தில் குரல் தேர்வுக்குப் போனேன். குரல் நல்லம் என்றார்கள். “ஆனா இந்த ‘ஓம்’, ‘கதைக்கிறது’ எல்லாத்தையும் விட்டிடுங்க. நேயர்களுக்கு மொடேர்னா இருக்கணும்” என்றார் தேர்வு நடத்தியவர். அவரும் வடக்கைச் சேர்ந்தவர்தான். அவருக்கும் யாரோ முன்பு அப்படிச் சொல்லியிருப்பார்கள். நான் அன்றிரவே கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘பேசுறேன்’ என்று பழகினேன். எங்கள் வீட்டில் ‘அம்மா பேசினா’ என்றால் அம்மா ஏசினா என்று அர்த்தம்.

மண்டபம் முகாமில் வளர்ந்த என் பெரியம்மாவின் பிள்ளைகளுக்கு இரண்டு வாய். வெளியில் ‘ஆமா, புரியுது’. கதவைச் சாத்தினால் ‘ஓம், விளங்குது’. 2021இல் தமிழ்நாட்டு அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல விஷயம். ஆனால் தங்கச்சி சொன்னாள்: “பேர் மாறினாலும் பள்ளிக்கூடத்தில வாயத் திறந்தாத் தெரிஞ்சிடும் அக்கா. அதால சின்னனிலயே மாத்திட்டம்.” 2022 மார்ச் 22இல், நெருக்கடியின்போது, முதலாவதாக 16 பேர் தனுஷ்கோடிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை மணல்தீடையிலிருந்து இந்தியக் கரையோரக் காவல் படை மீட்டது. அந்தக் குழந்தைகளும் இப்போது அந்த இரண்டாவது வாயைப் பழகிக்கொண்டிருப்பார்கள்.

இடம்பெயர்ந்தால் பேச்சு போய்த்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். 1990 ஒக்ரோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியிலிருந்து ஓடிய குடும்பம். அவள் பிறந்தது புத்தளத்தில். தீவை அவள் இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருந்தாள். ஆனால் கன்ரீனில் நான் வாய் திறந்த உடனே, “நீங்க மன்னாரா?” என்று கேட்டாள். அவர்கள் ஊராகவே போய் ஊராகவே குடியிருந்தார்கள். பாடசாலைக்குக்கூட ஊரின் பெயரை வைத்தார்கள். அதனால் பேச்சும் கூடவே இருந்தது. தனித்தனியாகப் போன நாங்கள்தான் தொலைத்தோம். எங்கள் பக்கத்தில் நடந்த அநியாயத்துக்கு ஆளானவர்களின் பிள்ளை, நான் மறைத்த பேச்சைக் கண்டுபிடித்தாள் என்பதை நான் மறக்கவில்லை.

இப்போது காற்று மாறுகிறதா?

கொஞ்சம் மாறுகிறது. 2019இல் பிக்பொஸ் வீட்டுக்குள் போன லொஸ்லியா தன் தமிழில்தான் கதைத்தார். 2023இல் ‘சரிகமப’ சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா வென்றார். வடக்குப் பெடியன்கள் கையில் போனை வைத்துக்கொண்டு தோட்டத்தையும் சந்தையையும் யூரியூப்பில் காட்டுகிறார்கள். வெட்கமில்லாமல் ‘வணக்கம் உறவுகளே’ என்று தொடங்குகிறார்கள். கோபுரம் வேண்டாம், அன்ரனா வேண்டாம். மூடிக்கிடந்த அந்த மற்ற வழி கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. “உங்க தமிழ் எவ்ளோ அழகா இருக்கு!” என்ற பாராட்டில் மயங்கிவிடக் கூடாது. அழகு பார்ப்பதற்காக மட்டும் ஒரு பேச்சைக் கேட்பவர், அதில் சொல்லப்படும் விஷயத்தைக் காதில் வாங்குவதில்லை. காணி பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டவர் பற்றியும் தீவில் சுழலும் காற்றாலை பற்றியும் அதே தமிழில் சொன்னால் அப்போதும் கேட்பார்களா என்பதே கேள்வி. ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யில் உச்சரிப்பு இடையிடையே வழுக்கத்தான் செய்தது. ஆனாலும் அந்தக் குடும்பம் வாய் திறந்து கதைக்கிறது, அயலவர்கள் கேட்கிறார்கள். அதனால்தான் அந்தப் படத்தை எனக்குப் பிடித்தது.

போன மாதம் ஊருக்குப் போனபோது கருவாடு காயப்போடும் பெண்களைப் பற்றி ஒலிப்பதிவு ஒன்று செய்தேன். அம்மாவும் அதில் கதைத்தா. கொழும்புக்கு வந்து தொகுக்கும்போது, பழக்கதோஷத்தில், என் குரலில் வந்த ஒரு ‘ஓம்’ஐ வெட்டப் போனேன். கை நின்றது. அப்படியே விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் எடுத்தா. “ஐயோ, என்ட குரல எல்லாரும் கேப்பினமே? முதலே சொல்லியிருந்தா வடிவாக் கதைச்சிருப்பன்.”

“வடிவாத்தான் அம்மா கதைச்சிருக்கிறீங்க” என்றேன்.

“மெய்யா?”

“ஓம்.”