கொட்டிய பணம் திரும்புமா?

2021 ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆரஞ்சு நிற டொயோட்டா சூப்ரா ஒன்று ஏலத்துக்கு வந்தது. 1994-ஆம் ஆண்டுத் தயாரிப்பு. பின்புறம் பெரிய இறக்கை, பக்கவாட்டில் வண்ணச் சித்திரம் என உருவமே மாறியிருந்தது. போன விலை 5,50,000 டாலர்!

அந்த விலை மாற்றங்களுக்குக் கிடைத்ததல்ல. ‘தி ஃபாஸ்ட் அண்ட் த ஃபியூரியஸ்’ படத்தில் பால் வாக்கர் ஓட்டிய கார் என்ற பெருமைக்குக் கிடைத்தது.

சினிமாப் பின்னணி இல்லாத சூப்ராக்களின் கதை வேறு. இதன் 3 லிட்டர், இரட்டை டர்போ இன்ஜினின் வார்ப்பிரும்பு பிளாக் மிக உறுதியானது. அமெரிக்காவில் 320 குதிரைத்திறனுடன் விற்ற அதை, பெரிய டர்போ பொருத்தி இருமடங்குக்கும் மேல் ஏற்றியவர்கள் ஏராளம். ஆனால், அதற்குக் கொட்டிய பணம் விற்கும்போது முழுதாகத் திரும்புவது அபூர்வம். ஒருவர் ரசித்துச் செய்த மாற்றம், வாங்க வருபவருக்குச் சந்தேகம்: இன்ஜினை எவ்வளவு வாட்டியிருப்பார்கள்? வேலையைச் செய்தது யார்? சேகரிப்பாளர்களோ கை படாத காரையே தேடுகிறார்கள்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பில்களையும், சக்தியை அளந்த டைனோ அறிக்கையையும் சேர்த்தே காட்டுகிறார்கள். சிலர் விலையுயர்ந்த பாகங்களைத் தனியே விற்றுவிட்டு, காரைப் பழையபடி ஆக்கிக் கொடுக்கிறார்கள். விற்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், கழற்றிய பாகங்களைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.