சிலுவை கேட்ட குரலும் செபிக்கும் குரலும்

ஆண்டுதோறும் குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் நமது ஆலயங்களில் ஆண்டவருடைய திருப்பாடுகளின் வரலாறு வாசிக்கப்படுகின்றது. கிறிஸ்துவின் வார்த்தைகளைக் குருவானவர் வாசிப்பார். வரலாற்றை ஒருவர் எடுத்துரைப்பார். ஏனையோரின் கூற்றுகளை இன்னொருவர் வாசிப்பார். கூட்டத்தினரின் கூச்சல் மட்டும் பல ஆலயங்களில் இறைமக்களாகிய நம்மிடமே விடப்படுகின்றது. ஆண்டவரைச் சிலுவையில் அறையும்படி பிலாத்துவிடம் கேட்கும் வார்த்தைகளை, அவரை நேசிக்கின்ற நாமே நமது வாயால் சொல்ல வேண்டியிருக்கின்றது. அவ்வேளையில் பலருடைய குரல் தானாகவே தாழ்ந்துவிடுவதை நாம் கவனித்திருக்கலாம். அந்தத் தயக்கம் வீணானதன்று. அதன் பொருள் யாது என்பதை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஓர் இசைப் படைப்பு, தன்னைப் பாடவரும் ஒவ்வொரு கலைஞனுக்கும் உணர்த்தி வருகின்றது.

ஜேர்மனி நாட்டின் இசைமேதை யோகான் செபஸ்தியான் பாக் (1685–1750) இயற்றிய ‘புனித மத்தேயுவின்படி திருப்பாடுகள்’ என்பதே அப்படைப்பாகும். 1723 ஆம் ஆண்டு முதல் தமது மரணம்வரை லைப்சிக் நகரின் தூய தோமையார் ஆலயத்தில் இசைப் பொறுப்பாளராகப் பணியாற்றியவர் அவர். 1727 ஆம் ஆண்டு ஏப்ரல் 11 ஆம் திகதி, பெரிய வெள்ளி மாலை வழிபாட்டிலே இது முதன்முதலாகப் பாடப்பட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. ஏறத்தாழ மூன்று மணிநேரம் நீளும் இப்படைப்பு இரு பகுதிகளைக் கொண்டது. அவற்றின் இடையே மறையுரை நிகழ்த்தப்பட்டது. ஆகவே இது அரங்கிலே பிறந்த இசையன்று. வழிபாட்டின் மடியிலே பிறந்த இசை. பாக் லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் திருப்பாடுகளின் வரலாற்றைப் பல குரல்களுக்குப் பகிர்ந்தளித்துப் பாடும் மரபு, மத்திய காலத் திருச்சபையிலிருந்து அவருக்குக் கிடைத்த பொதுச் சொத்தாகும். நாம் இன்று வாசிக்கும் முறையும் அதே வேரிலிருந்து வந்ததே.

இப்படைப்பில் இரு பாடகர் குழுக்களும் இரு வாத்தியக் குழுக்களும் உண்டு. நற்செய்தி வரலாற்றின் இடையிடையே அன்றைய இறைமக்கள் நன்கு அறிந்திருந்த சபைப் பாடல்கள் ஒலிக்கும். பாடகர் குழுவில் நிற்பவன் ஒரு கணம் நற்செய்தியில் வரும் சீடனாகவும் பகைவனாகவும் பாடுகிறான்; மறுகணம் தன் காலத்துத் திருச்சபையின் உறுப்பினனாக நின்று செபிக்கிறான். அவனுடைய உள்ளத்தை அசைப்பது இந்த மாற்றமே.

இறுதி இராவுணவுக் காட்சியை எடுத்துக்கொள்வோம். தம்மைக் காட்டிக்கொடுப்பவன் பந்தியில் இருக்கிறான் என்று ஆண்டவர் கூறியதும், அது நானோ என்று சீடர்கள் பதறிக் கேட்கின்றனர். ஒருசில நொடிகளே நீடிக்கும் அப்பகுதியில், ஆண்டவரை விளிக்கும் சொல் பதினொரு முறை ஒலிக்கின்றது. பன்னிருவருள் யூதாசைத் தவிர்த்த பதினொருவரும் கேட்பதாக இதற்குப் பொருள் கூறுவர். இக்கேள்விக்கு நற்செய்தி தரும் பதிலைக் கேட்கு முன்பே, பாக் வரலாற்றை நிறுத்திவிடுகிறார். சபைப் பாடல் ஒன்று எழுகின்றது. தண்டனைக்குரியவன் நானே என்று அது அறிக்கையிடுகின்றது. சற்று முன் பதறிக் கேள்வி கேட்ட அதே பாடகன், மூச்செடுத்து, அதற்குரிய விடையைத் தானே பாட வேண்டியிருக்கிறது. யூதாசைச் சுட்டுவதற்கு உயர்ந்த விரல் அவனுடைய நெஞ்சை நோக்கித் திரும்பிவிடுகின்றது.

பிலாத்துவின் முன் நிகழும் காட்சி இதனிலும் கடுமையானது. யாரை விடுவிக்க வேண்டும் என்ற கேள்விக்கு, இரு குழுக்களும் சேர்ந்து பரபாவின் பெயரை ஒரே முரண் ஒலியாகக் கத்துகின்றன. பின்பு சிலுவையில் அறையும்படி கேட்கும் கூச்சல் எழுகின்றது. அது முடிந்த உடனே அதே பாடகர்கள், இத்தண்டனை எத்துணை வியப்புக்குரியது, ஆயனே ஆடுகளுக்காகத் துன்புறுகிறாரே என்று உருகிப் பாடுகின்றனர். இவர் செய்த தீமை என்ன என்று ஆளுநன் வினவுகையில், பெண் குரலுக்குரிய மேற்குரல் ஒன்று ஆண்டவர் செய்த நன்மைகளை எண்ணிக் கூறி, அவர் அன்பினாலேயே மரிக்கிறார் எனப் பாடுகின்றது. ஒரு புல்லாங்குழலும் இரு ஓபோக்களும் மாத்திரம் அதற்குத் துணை நிற்கின்றன; அடித்தளமான ஆழ்ந்த சுரங்கள் முற்றாக ஓய்ந்திருக்கின்றன. இந்த அன்பின் குரலுக்குப் பிறகாவது கூட்டம் மனமிரங்குமா? இல்லை. அதே கூச்சல் முன்னையதிலும் உயர்ந்த சுருதியில் மீண்டும் வெடிக்கின்றது. அதைப் பாடுபவன் தொண்டையால் மட்டுமன்றி மனச்சாட்சியாலும் அதன் உயரத்தை உணர்வான்.

இன்னுமொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பாக் காலத்திலிருந்து எஞ்சியுள்ள பாடகர்களின் இசைத்தாள்களை நோக்கினால், ஆண்டவரின் வார்த்தைகளைப் பாடிய கீழ்க்குரற் பாடகனின் தாளிலேயே கூட்டத்தினரின் பகுதிகளும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். கிறிஸ்துவின் வார்த்தையைச் சொன்ன நாவே அவருக்கு எதிரான கூச்சலையும் எழுப்பியது. திவ்விய நற்கருணையை ஏற்கும் நமது நாவின் கதையும் இதுவன்றோ?

பாடகர்களைப் போலவே வாத்தியக் கலைஞர்களுக்கும் இங்கே ஒரு தியானம் உண்டு. ஆண்டவர் பேசும்போதெல்லாம் வயலின் முதலிய நரம்பு வாத்தியங்கள் நீண்ட சுரங்களால் அவருடைய குரலைச் சூழ்ந்து நிற்கும். புனிதர்களின் படங்களில் தலையைச் சுற்றி வரையப்படும் ஒளிவட்டத்திற்கு இதனை ஒப்பிடுவர். ஆனால், தந்தை தம்மைக் கைவிட்டதாகச் சிலுவையில் அவர் கதறும் வேளையில் அவ்வொளிவட்டம் இல்லை. வாத்தியக்காரர் வில்லை அசைக்காது அமர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு நேரமும் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள், அவருக்கு மிகவும் தேவையான கணத்தில் மௌனமாகிவிடுகின்றனர். ஒன்றும் செய்ய இயலாது சிலுவையருகே நின்ற அன்னை மரியாளின் வேதனையில் ஒரு துளியை அந்த மௌனத்தில் அவர்கள் சுவைக்கலாம்.

இவ்வளவு துயரத்தையும் சுமக்கும் பாடகன் அழக்கூடாது என்பது இக்கலையின் கண்டிப்பான விதி. கண்ணீர் பெருகினால் தொண்டை அடைக்கும். தொண்டை அடைத்தால் பக்கத்தில் நிற்பவனின் சுருதியும் தடுமாறும். எனவே அவன் தாளத்தை எண்ணுகிறான். இசை நெறியாளரின் கையை நோக்குகிறான். அயலவனின் குரலுக்குச் செவிகொடுத்துத் தன் குரலை அடக்குகிறான். தன் துயரத்தைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல் பிறர் செபிப்பதற்கு உதவும் பணியாக மாற்றுகிறான். நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே கண்ணீரை அடக்கிக்கொண்டு மருந்தூட்டும் தாயின் அன்பும் இத்தகையதே.

எனினும் உள்ளம் உருகுவதுதான் பக்தியா? புனித அகுஸ்தீனார் தமது ‘அறிக்கைகள்’ நூலின் பத்தாம் புத்தகத்தில் இக்கேள்வியோடு போராடுகிறார். ஆலயப் பாடலின் பயனை அவர் மறுக்கவில்லை; ஆனால் பாடப்படும் பொருளைவிடப் பாடலே தம்மை அதிகம் கவர்ந்தால் அதனைத் தமது குற்றமாகக் கருதினார். தத்துவவாதி நீட்சே 1870 ஆம் ஆண்டு பாக்கின் இப்படைப்பை ஒரே வாரத்தில் மூன்று முறை கேட்டு, கிறிஸ்தவத்தை மறந்தவனுக்கு இது நற்செய்தியாகவே ஒலிக்கும் என்னும் கருத்துப்பட நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவரே பின்னாளில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி நூல்கள் எழுதினார். செவி உருகுவது கொடை. வாழ்வு திரும்புவதே மனமாற்றம். இசை நம்மை வாசல்வரை அழைத்துச் செல்லும். உள்ளே நுழைய வேண்டியவர்கள் நாமே.

அன்பார்ந்த குடும்பத்தவரே, நமது பங்கின் பாடகர் குழுவில் நம் பிள்ளைகள் பாடுகிறார்கள். சுருதியும் தாளமும் பிழையாதிருக்கப் பழக்குகிறோம், அது தேவையே. அத்தோடு, தாங்கள் பாடும் வார்த்தைகள் தங்களையே நோக்கிப் பேசுகின்றன என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். வீட்டில் செபமாலை சொல்லும் அதே நாவினால் அயலவரைத் தூற்றுகிறோமா, பேசாதிருக்கும் சகோதரனின் பெயரைக் கேட்டதும் நமது குரல் கடினமாகிறதா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

அடுத்த முறை திருப்பாடுகளின் வாசிப்பில் கூட்டத்தினரின் பகுதி வரும்போது, அதனை வேறு யாரோ ஒருவரின் குற்றமாக எண்ணி விரைந்து சொல்லிவிடாதிருப்போம். நமது குரலாகவே அதனைச் சொல்வோம். ஆண்டவர் உயிர்விட்டதும் நூற்றுவர் தலைவனும் அவனுடன் இருந்தோரும் அவரை இறைமகன் என அறிக்கையிட்ட இடத்தை, பாக் இரு குழுக்களையும் ஒன்றாக இணைத்துப் பாட வைத்தார். சிலுவை கேட்ட அத்தனை குரல்களுக்கும் அந்த அறிக்கையிலே இடம் இருந்தது. நமது குரலுக்கும் அங்கே இடமுண்டு.