சிறு விமானத்தின் நரம்புகள்

ஆகாய விமானம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது மீனம்பாக்கத்தில் வந்து இறங்கும் பெரிய விமானந்தான். அதைக் கட்டப் பெரிய தொழிற்சாலையும் ஆயிரக்கணக்கான தொழிலாளரும் வேண்டும். ஆனால் இருவர் அல்லது நால்வர் அமரும் சிறு விமானத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி முடித்து, அதிலேயே பறப்பவர்களும் உலகில் பலர் உள்ளனர். அமெரிக்காவில் இத்தகையோருக்கென்றே 1953-ஆம் ஆண்டில் ஒரு சங்கம் தோன்றியது. ஆண்டுதோறும் அவர்கள் ஆஷ்காஷ் என்னும் ஊரில் கூடும்போது, வீட்டில் கட்டிய விமானங்கள் வரிசை வரிசையாக நிற்பதைக் காணலாம்.

இது நமக்கும் முற்றிலும் புதிய செய்தியன்று. 1910-ஆம் ஆண்டிலேயே சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்னும் கார்சிகா தீவுக்காரர், தம் சொந்தத் திட்டப்படி சிம்ப்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டுவித்துப் பறந்து காட்டினார். அண்மைக் காலத்தில் மும்பை விமானி அமோல் யாதவ், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2017-இல் அது அரசாங்கப் பதிவு பெற்றது. பெங்களூரிலுள்ள தேசிய விண்வெளி ஆய்வகத்தாருங்கூட 1980-களில், வீட்டில் கட்டுவோருக்காக அமெரிக்கரான பர்ட் ரூட்டன் வரைந்த 'லாங்-ஈஸி' விமானத்தைத் தழுவியே ஒரு சிறு விமானம் செய்து பார்த்தனர். அதன்பின் அவர்கள் செய்த 'ஹன்ஸா' 1993-இல் பறந்தது.

இறக்கையையும் உடலையும் கட்டுவது பெரிய வேலைதான். எனினும் அது ஒருநாள் முடிந்துவிடும். முடியாத வேலை ஒன்று உண்டு. வேகம், உயரம், திசை ஆகியவற்றைக் காட்டும் கருவிகள், ரேடியோ, இவற்றை இணைக்கும் கம்பிகளும் குழாய்களும்தான் அது. இவற்றைச் சேர்த்து 'ஏவியானிக்ஸ்' என்பர். உடலுக்கு எலும்பு எப்படியோ அப்படி விமானத்திற்குச் சட்டம், இவையோ நரம்புகள். வலி எங்கே தோன்றுகிறதோ அங்கேதான் நோய் இருக்கும் என்று நரம்பு விஷயத்தில் சொல்ல முடியாதல்லவா? இங்கும் அப்படியே. முள் தவறாகக் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். புதியதும் அதே தவற்றைக் காட்டும். பழுது பெரும்பாலும் கருவியில் இராது. கருவிக்கு வரும் வழியில் இருக்கும்.

ஆரணியில் வளரும் நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பட்டுச் சேலையின் முந்தியில் ஒரு பூ கோணலாக விழுந்தால், உடனே ஜக்கார்டுப் பெட்டியைக் கழற்றி எறிவார் யாருமில்லை. எந்த அட்டையில் துளை அடைந்தது, எந்தக் கயிறு தளர்ந்தது, எந்த இழை அறுந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

வேகமானியை முதலில் எடுத்துக்கொள்வோம். இறக்கையின் அடியிலோ மூக்கிலோ முன்நோக்கி நீட்டிய ஒரு சிறு குழாய் இருக்கிறது. இதற்குப் 'பிட்டோ குழாய்' என்று பெயர். எதிர்க்காற்று இதன் வாயில் மோதி அழுத்தத்தை உண்டாக்குகிறது. விமானத்தின் பக்கவாட்டிலுள்ள வேறொரு துளை, அசையாத வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே முள்ளை நகர்த்துகிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கடல் மட்டத்தில் மணிக்கு 155 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால், ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம், அவ்வளவே. ஒரு டம்ளர் தண்ணீரின் ஆழம்! இத்தனை மெல்லிய செய்தியை நம்பித்தான் விமானி உயிரை வைத்திருக்கிறார்.

இக்குழாயின் வாய் அடைபட்டால் முள் பூஜ்யத்தில் நின்றுவிடும் என்று நாம் எண்ணுவோம். அப்படி நின்றால் நல்லதே; பழுது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் நீர் வடியும் சிறு துளையும் சேர்ந்து அடைபட்டால், உள்ளே சிறைப்பட்ட காற்றின் அழுத்தம் மாறாமல் இருக்கும். விமானம் மேலே ஏற ஏற வெளியழுத்தம் குறையும். வெறும் 100 மீட்டர் ஏறினாலே, குறையும் அழுத்தம் அதே 12 சென்டிமீட்டர் நீர் அளவுக்கு வந்துவிடுகிறது. எனவே முள் மேலே மேலே போகும். விமானம் உண்மையில் மெதுவாகப் போனாலும் வேகம் மிகுகிறது என்று கருவி பொய் சொல்லும். விமானி அதை நம்பி வேகத்தைக் குறைத்தால், இறக்கை தாங்கும் சக்தியை இழந்துவிடும்.

1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் தேதி டொமினிக்கன் குடியரசுக் கரையருகே பர்கன் ஏர் நிறுவனத்தின் போயிங் 757 விமானம் இவ்வாறுதான் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 189 பேரும் மாண்டனர். விமானம் பல நாள் பிட்டோ குழாய்க்கு உறையிடாமல் நின்றிருந்தது. ஒரு குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்க வேண்டும் என்று விசாரணையாளர் கருதினர். நம் வீட்டுச் சுவரிலும் ஜன்னல் மூலையிலும் மண்ணுருண்டை வைக்கிறதே, அந்த இனந்தான். இதில் நம் நெஞ்சை வருத்துவது வேறொன்று. துணை விமானியின் முன்னிருந்த வேகமானி சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி பெரு நாட்டில், விமானத்தைக் கழுவும்போது பக்கத்துளைகளின்மேல் ஒட்டிய நாடாவை அகற்ற மறந்ததால் 70 பேர் இறந்தனர். உயரமானி, வேகமானி இரண்டுமே பொய் சொல்லின.

பெரிய விமானத்திற்கே இக்கதி என்றால், ஒருவரே கட்டிய விமானத்தில் எத்தனை எச்சரிக்கை வேண்டும்! நிறுத்தியவுடன் குழாய்க்கு உறை மாட்ட வேண்டும். புறப்படுமுன் மறவாமல் எடுக்க அதில் சிவப்பு நாடா தொங்கவிடுவார்கள். அடைப்பை நீக்க வாயால் ஊதுவது மிகவும் தவறு. டம்ளர் நீரின் அழுத்தத்திற்கே அசையும் முள், நம் மூச்சின் வேகத்தில் ஒடிந்தே போகும். கருவியின் பின்புறக் குழாயைக் கழற்றிய பிறகே, கருவிப் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றைச் செலுத்த வேண்டும்.

காந்தத் திசைகாட்டியைப் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை. பௌதிகக் கூடத்தில் மேசையருகே இரும்பு ஸ்டூல் இருந்தால் காந்த ஊசி திரும்புவதைப் பார்த்திருக்கிறோம். விமானத்திலும் புதிதாக ஒரு ஒலிபெருக்கியை அருகில் வைத்தாலோ, பக்கத்தில் மின்கம்பி ஓடினாலோ ஊசி விலகும். ஆகவே எந்தப் புதுக் கருவி மாட்டினாலும் விமானத்தைத் தரையில் ஒவ்வொரு திசையாகத் திருப்பி, எவ்வளவு விலகல் என்று குறித்து, அந்த அட்டையைத் திசைகாட்டியின் அருகிலேயே ஒட்டி வைப்பார்கள்.

ரேடியோவில்தான் வீட்டில் கட்டுவோர் அதிகம் தூக்கத்தை இழக்கிறார்கள். காதில் வரும் இரைச்சலைக் கூர்ந்து கேட்டால் அதுவே தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். எஞ்சின் வேகம் கூடக் கூடச் சுருதி உயரும் ஊளைச் சத்தமானால், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதன் சுவிட்சைச் சிறிது நேரம் அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படபடவென்று பொரிவது போன்ற ஒலியானால் எஞ்சினின் தீப்பொறி அமைப்பைப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம், ஒவ்வொரு கருவியின் தரை இணைப்பையும் கண்ட கண்ட இடத்தில் முறுக்கி விட்டதுதான். எல்லாவற்றையும் ஒரே இடத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

மரத்தாலோ கண்ணாடி இழையாலோ ஆன விமானத்தில் வேறொரு சிக்கல். அலுமினிய உடலைப்போல் அது மின்சாரத்தைக் கடத்தாது. விமானிகள் பேசும் அலைகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலானவை. அவற்றின் அலைநீளத்தில் கால்பங்கு ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அந்த நீளமுள்ள ஏரியலின் அடியில் உலோகத் தகடோ படலமோ பரப்பாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த ரேடியோவும் ஊமைதான்.

மின்னழுத்தத்தை அளந்து பழுதைப் பிடிக்கும் முறை எளியது. எட்டாம் வகுப்பு மாணவிகூடக் கணக்கிடலாம். எஞ்சின் ஓடும்போது மின்கலத்தில் 14 வோல்ட் இருக்கிறது. ரேடியோவின் வாயிலில் 12.5 வோல்ட்தான் வருகிறது. மீதி 1.5 வோல்ட் எங்கே? வழியிலுள்ள தளர்ந்த இணைப்பில். பேசும்போது 6 ஆம்பியர் ஓடினால், 9 வாட் வெப்பம் அந்த ஒரு முனையிலேயே உண்டாகிறது. அதுதான் கருகும் வாடை. இதை விட்டுவிட்டு ரேடியோவை மாற்றுவோரை என்னென்பது!

வந்து வந்து மறையும் பழுதுதான் மிகக் கொடியது. அதற்கு ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதைத் தேதியுடன் நோட்டில் எழுதி வைப்பது. தொழிற்சாலை விமானத்திற்கு அச்சிட்ட வரைபடம் கிடைக்கும். வீட்டில் கட்டியதற்கோ கட்டியவரின் கைப்பட எழுதிய நோட்டே வேதம். அவர் விமானத்தை விற்றுவிட்டால், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று வாங்கியவருக்கு வேறு யார் சொல்வார்? கம்பிகளின் இரு முனையிலும் பெயர்ச் சீட்டு ஒட்டுவதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

இனி, பழையதை எடுத்துப் புதியதை வைக்கும் ஆசை. முன்னாட்களில் எஞ்சினால் ஓடும் பம்பு காற்றை உறிஞ்சிப் பம்பரம் போன்ற கைரோவைச் சுழற்றும். அடிவானம் எங்கே என்று அது காட்டும். இன்று நகத்தளவு மின்னணுச் சில்லு அதே வேலையைச் செய்கிறது. ஆறேழு வட்டமானிகள் இருந்த இடத்தில் ஒரே திரை! பார்க்க அழகுதான். ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தொழிற்சாலைச் சிறு விமானங்களை ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. திரைக் கருவிகள் கொண்டவற்றில் மொத்த விபத்துகள் குறைவு. உயிர்ச்சேத விபத்துகளின் விகிதமோ அதிகம். திரை மட்டும் வந்தால் போதாது, அதை அறிந்துகொள்ளும் பயிற்சியும் வேண்டும் என்று அந்த வாரியம் வற்புறுத்தியது. நம் கருத்தைக் கேட்டால், திரை வைத்தாலும் அதற்கெனத் தனி மின்கலம் ஒன்றும், மின்சாரமே வேண்டாத ஒரு வேகமானியும் திசைகாட்டியும் இருக்கட்டும் என்போம். திரை அணைந்தாலும் அவை அணையா.

ஆனால் மாற்றியே தீரவேண்டிய கருவி ஒன்று உண்டு. விழுந்த விமானம் தானாகவே 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கூவும் அபாய ஒலிபரப்பி அது. பழைய வகை 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் கூவியது. 2009 பிப்ரவரி 1 முதல் துணைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்திவிட்டன; இப்போது 406 மெகாஹெர்ட்ஸையே கேட்கின்றன. இந்தியாவில் அச்செய்தியை வாங்கும் நிலையம் பெங்களூரில் இஸ்ரோவிடம் உள்ளது.

அதே பெங்களூரிலிருந்து 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி, திரைக் கருவிகள் பொருத்திய புதிய ஹன்ஸா விமானம் புதுச்சேரிக்குப் பறந்தது. கடல் மட்டத்தில் அதைச் சோதிப்பதற்காக. வேகம் மணிக்கு 155 கிலோமீட்டர். பயணம் ஒன்றரை மணி நேரம். நிலப்படத்தில் அவ்விரு ஊர்களுக்கும் இடையே அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துப் பாருங்கள்; அது திருவண்ணாமலைக்கு அருகே செல்கிறது. புறப்பட்ட தளம் ஏறத்தாழ 890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்ச் சேர்ந்ததோ கடற்கரை.