ஒரே கணினியில் இரு இயங்குதளங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ ஏற்காத பழைய கணினிகளை அதற்காக வீசிவிட வேண்டியதில்லை. வன்தட்டைப் பிரித்து, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு லினக்ஸையும் அதில் நிறுவலாம். பழகிய மென்பொருட்களுக்கு விண்டோஸையும் இணையப் பாவனைக்கு உபுண்டுவையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆயினும், பிரிக்கும் வேளையில் மின்சாரம் தடைப்பட்டால் பல்லாண்டுச் சேமிப்பு அழிந்துபோகக்கூடும். எனவே, கோப்புகளை முதலில் வேறொரு தட்டில் பிரதிசெய்துகொள்வது அவசியமாகும். அடுத்து, விண்டோஸுக்குரிய பகுதியைச் சுருக்கி, குறைந்தது 25 கிகாபைற் இடத்தை வெறுமையாக ஒதுக்க வேண்டும். உபுண்டுவை நிறுவும்போது, முழுத் தட்டையும் அழிக்கும் தெரிவைத் தவிர்த்து, விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தெரிவையே ஏற்க வேண்டும். அதன்பின், கணினியை இயக்கும்போதெல்லாம் எந்த இயங்குதளம் வேண்டுமென்பதைத் திரையிலேயே தெரிவுசெய்யலாம்.