உஷார்! வெள்ளைச் சட்டை ஊறும் வாளியில் ஆசிட் ஊற்றாதீர்கள்

ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளியில் ஆசிட் ஊற்றாதீர்கள். டாய்லெட் கழுவும் திரவத்தையும் ஊற்றாதீர்கள். ஒரு மூடி அளவுகூட வேண்டாம். வீட்டில் துணி துவைப்பவர் வேறு ஆள் என்றால் இதை முதலில் அவரிடம் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

மரக்காணம் பக்கம் இந்தத் தப்பு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் முதல் பாதியைச் செய்தவள் நான். மறுநாள் புதன்கிழமை, பிள்ளைக்கு வெள்ளை யூனிஃபார்ம். ராத்திரி எட்டு மணிக்குச் சட்டையை எடுத்துப் பார்த்தால் தோள்பட்டையில் குறுக்காக ஒரு காவிக் கோடு. மண் என்று நினைத்து சோப்பு போட்டுக் கசக்கினேன். அசையவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவ வைத்திருந்த ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து முக்கி வைத்தேன். அரை மணி கழித்து எடுத்தால் கோடு அப்படியே இருக்கிறது, முன்பைவிட அழுத்தமாக! அன்றைக்கு ஆசிட் பாட்டிலில் கொஞ்சம் மீதி இருந்திருந்தால் அடுத்து அதைத்தான் எடுத்திருப்பேன். பாட்டில் காலியாக இருந்ததால் தப்பித்தேன். எனக்கு விவரம் தெரிந்திருந்ததால் இல்லை.

அந்தக் கோடு துரு. துணி காயப்போடும் கம்பியின் துரு.

உப்பளக் காற்று வீசும் ஊரில் இரும்பு நிலைக்காது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழுவெளிச் சதுப்பு, நடுவில் பாத்தி பாத்தியாக உப்பளம். காற்றில் வருகிற உப்பு எதன்மேல் படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் கம்பி துருப்பிடிக்கும். ஈரச் சட்டையை அதன்மேல் போட்டால் துரு நூலுக்குள் இறங்கிவிடும். கம்பி மட்டும் இல்லை: பெஞ்சு போல்ட், சைக்கிள் கேரியர், வீட்டு கேட், சட்டையிலேயே மறந்து விட்ட ஊக்கு, எல்லாமே கறை வைக்கும். சில போர்வெல் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் கொஞ்ச நேரம் நின்றதும் மஞ்சளாகும். அதுவும் இரும்புதான். இந்தக் கரையில் வெள்ளைச் சட்டையில் விடாப்பிடியாக நிற்கும் காவிக் கறையைப் பார்த்தால் முதலில் துருவைச் சந்தேகப்படுங்கள்.

துருவுக்கு ப்ளீச்சிங் பவுடர் மருந்தல்ல. அது துருவைக் கரைக்காது. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் இரும்பையும் துருவாக்கித் துணியில் படிய வைக்கும். போர்வெல் மஞ்சளைப் போக்க ப்ளீச் போட்டுச் சட்டை முழுக்க மஞ்சளாகிப் போவது இதனால்தான். போதாக்குறைக்கு டெரிகாட்டனில் இருக்கும் பருத்தி நூலையும் அரித்துவிடும். என் பிள்ளையின் அந்தச் சட்டை காலாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே காலரில் கிழிந்தது.

ஆனால் ஆசிட் துருவை உண்மையிலேயே கரைக்கும். வினையே அங்கேதான். பாத்ரூம் தரையில் துருக்கறை ஆசிட்டில் போவதைப் பார்த்துப் பழகிய கை, சட்டைக் கறை ப்ளீச்சில் போகவில்லை என்றதும் அதே வாளியில் ஆசிட்டைச் சாய்க்கிறது. அந்த நிமிடமே வாளியிலிருந்து குளோரின் வாயு கிளம்பும்.

பாத்திகளில் வாரிக் குவிக்கிற உப்பிலும் எடைக்கு எடை 60 சதவீதம் குளோரின்தான். ஆனால் அது சோடியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது, சோற்றில் போட்டுத் தின்கிறோம். கட்டவிழ்ந்தால் கதை வேறு. 1915 ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரத்துக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள் மீது திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தேங்கும். நம் வீடுகளில் எப்படித் துவைக்கிறோம்? குந்தி உட்கார்ந்து, வாளிக்கு மேல் முகத்தை வைத்து. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திய பாத்ரூமில். பக்கத்திலேயே சின்னது ஒன்று தண்ணீரில் விளையாடிக்கொண்டு.

எலுமிச்சை, வினிகர்கூட ப்ளீச்சோடு சேர்ந்தால் இதே வேலையைச் செய்யும். 'இயற்கையானது, ஒன்றும் ஆகாது' என்பதெல்லாம் வாளிக்குத் தெரியாது.

மூக்கில் சுருக்கென்று ஏறி, கண் எரிந்து, இருமல் வந்தால் வாளியை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். வாளியைக் கவிழ்க்கவோ, ஊறும் சட்டையை எடுக்கவோ திரும்பிப் போகாதீர்கள். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். மூச்சு இழுத்தால் உடனே 108. இருமல் அடங்கிவிட்டது என்று படுத்துத் தூங்கிவிடவும் வேண்டாம்; நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம். வீசிங் உள்ள பிள்ளைக்கு இரட்டை ஆபத்து. ஜிப்மர் ஆஸ்பத்திரியோ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியோ கூப்பிடு தூரத்தில் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

இன்னொன்று. ஆசிட்டையும் கரைத்த ப்ளீச்சையும் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது: வாங்குபவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், கடையில் பதிவேடு வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது. ஆனால் வீட்டுக்குள் வந்த பாட்டிலுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. வெயிலில் ஓடிவந்த பிள்ளை எடுத்து வாயில் கவிழ்த்தால் உணவுக்குழாய் வெந்து சுருங்கிப் போகும். அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வந்த வழியே மறுபடி வேகும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் சாராயம் என்று நம்பிக் குடித்தது தொழிற்சாலை மெத்தனால். பாட்டிலுக்குள் இருப்பது வேறாக இருந்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கறைக்கு என்ன வழி? ப்ளீச் படாத சட்டை என்றால், துருவின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து, கல் உப்பைத் தூளாக்கிப் போட்டு, காயாமல் சாறு தெளித்துக்கொண்டே வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு நன்றாக அலசுங்கள். ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகும். ஏற்கெனவே ப்ளீச்சில் போட்டிருந்தால், வாசனை சுத்தமாகப் போகும்வரை பல தண்ணீர் மாற்றி அலசிக் காயவைத்த பிறகுதான் எலுமிச்சை. குழம்புக் கறை சோப்பு பட்டதும் சிவந்தால் பதறாதீர்கள், மஞ்சளின் குணம் அது, வெயிலே வெளுத்துவிடும். ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும். பேனா மைக்கு சானிடைசர். முந்திரிப்பழச் சாறு பட்டதா? அந்தச் சட்டையை வீட்டில் போட வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தை வீணாக்க வேண்டாம். சொட்டு நீலம் எந்தக் கறையையும் எடுக்காது, மஞ்சளை மறைக்கும், அவ்வளவுதான்.

கம்பியை இன்றைக்கே அவிழ்த்துப் போட்டுவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

பள்ளிக்கூடத்து பி.டி. சார், மிஸ் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். புதன்கிழமை காலையில் தோள்பட்டையில் காவிக் கோட்டோடு ஒரு பிள்ளை வரிசையில் நின்றால் வெளியே நிறுத்தாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு எங்களை ப்ளீச்சிங் பவுடரை எடுக்க வைப்பது அந்தப் பயம்தான்.