தூய்மையும் வலிமையும்

கண்டி நகரின் பொற்கொல்லர் எவரையும் கேளுங்கள். பத்தரைமாற்றுத் தங்கம் மென்மையானது, சிறிது செம்பு சேர்ந்தால்தான் நகை உறுதி பெறும் என்பார். நம் புல்மோட்டைக் கடற்கரையின் இல்மனைட்டு மணலில் அடங்கியுள்ள டைட்டேனியத்தின் கதையும் ஏறக்குறைய இத்தகையதே.

கலப்புலோகமாக்கப்படாத டைட்டேனியத்தைத் தொழிற்றுறையினர் நான்கு தரங்களாக வகுத்துள்ளனர். முதலாந் தரத்தில் பிராணவாயு நூற்றுக்கு 0.18 பங்கை மிஞ்சலாகாது. நான்காந் தரத்தில் 0.40 பங்கு வரை இருக்கலாம். இச்சிறு வேறுபாடே முக்கிய காரணமாக, நான்காந் தரம் முதலாந் தரத்தினும் இரு மடங்குக்கு மேல் இழுவிசை தாங்குகிறது. ஆனால், முறியாமல் நீளும் இயல்பு அதில் குறைவு.

ஆகவே, அழுத்தி உருவாக்கும் தகட்டுக்கு முதலாந் தரம். இரசாயன ஆலைக் குழாய்களுக்குப் பெரும்பாலும் இரண்டாந் தரம். அதனினும் வலிமை வேண்டுமிடத்து மூன்றாந் தரம். தாடையெலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேருக்கு நான்காந் தரம்.

பேராதனையில் பல் மருத்துவம் பயில்வோர்க்கு இது வெறும் ஏட்டறிவன்று. மெல்லும் விசையை நாள்தோறும் தாங்கவேண்டிய இடத்தில் மென்மையான தரத்தைப் பதித்தால், துன்புறுபவர் நோயாளியே. தர எண் உயர்வு தாழ்வைக் குறிப்பதன்று. ஏற்ற பணியைக் காட்டுவது.